திரும்பி வந்த மாத்திரைகள்

மருந்தகம் என்றால் மருந்து வெளியே போகும் இடம். வாங்கிப்போனவர் சாப்பிட்டாரா, மூன்றாம் நாளே அலமாரியில் போட்டு மறந்தாரா என்று யாரும் கேட்பதில்லை. நான் வேலை பார்த்த மருந்தகத்தில் மட்டும் போன மருந்து திரும்பி வர வேண்டும். சாப்பிட்டது போக மிஞ்சிய மாத்திரை, காலி டப்பா, கிழித்த அட்டை எல்லாம் வந்து சேர்ந்தால்தான் எங்கள் கணக்கு முடியும்.

சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையின் மருத்துவ ஆய்வுப் பிரிவில் 2011-ல் மருந்தாளுநராகச் சேர்ந்தேன். சந்தைக்கு வராத புதிய மருந்துகளையும், புதிய நோய்களுக்கோ புதிய அளவிலோ கொடுத்துப் பார்க்கும் பழைய மருந்துகளையும் நோயாளிகளின் சம்மதத்தோடு சோதிக்கும் பிரிவு அது. நாங்கள் ‘டிரையல்’ என்போம். நோயாளிகளும் அப்படியே சொல்வார்கள். “நான் டிரையல்ல இருக்கேன் மேடம்” என்று சொல்லும்போது சிலர் குரலில் பெருமை இருக்கும், சிலர் குரலில் கலக்கம் இருக்கும். பெரும்பாலும் இரண்டுமே இருக்கும்.

எங்கள் அறை பொது மருந்தகத்துக்குப் பின்னால் இருந்தது. எந்நேரமும் பூட்டியிருக்கும். உள்ளே போகக்கூடியவர்களின் பெயர்ப் பட்டியல் கதவின் உட்புறம் ஒட்டப்பட்டிருக்கும். இரண்டு குளிர்பெட்டிகள், பூட்டுப் போட்ட இரும்பு அலமாரிகள், ஒரு மேசை, சுவர் முழுக்கக் கோப்புகள். குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும்; அறை 25 டிகிரியைத் தாண்டக் கூடாது. சித்திரை மாதத்துச் சென்னையில் இந்த இரண்டாவது நிபந்தனைதான் பெரிய சவால். இரண்டு குளிர்சாதனக் கருவிகளை மாற்றி மாற்றி ஓடவிடுவோம். காலையும் மாலையும் வெப்பநிலையைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் அரசு மருத்துவமனையில் பல காலம் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றபின் இங்கு வந்த ஒரு பெரியவர். சார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். முதல் நாளே என் பையைத் திறந்து காட்டச் சொல்லி, அதிலிருந்த வெள்ளைத் திரவப் பேனாவை எடுத்து வெளியே வைத்துவிட்டார். “இந்த ரூமுக்குள்ள இது வரவே கூடாதும்மா. தப்பா எழுதினா ஒரே கோடு போடு. அடியில இருக்கிற நம்பர் தெரியணும். பக்கத்துல இனிஷியல், தேதி, ஏன் மாத்தினேன்னு ஒரு வார்த்தை. பத்து வருஷம் கழிச்சு வர்றவனுக்கும் இன்னிக்கு இங்க நடந்தது தெரியணும்” என்றார். எழுதப்படாதது நடக்காதது என்பது இந்தத் துறையின் முதல் பாடம். சார் அதைச் சட்டமாகச் சொல்லவில்லை. ஒரு மனிதர் தன் உடம்பைக் கொடுத்திருக்கும்போது அவரைப் பற்றிய ஓர் எண்ணைக்கூட நாம் மறைக்கக் கூடாது என்ற கோணத்தில் சொன்னார்.

மருந்துப் பெட்டி வந்துவிட்டது என்று தகவல் வந்தால் சாப்பாட்டு இலை முன்னால் இருந்தாலும் எழுந்து ஓட வேண்டும். தெர்மோகோல் பெட்டிக்குள் குளிர்க் கட்டிகள் அடுக்கி, நடுவே மருந்தும் ஒரு சிறு டேட்டா லாகரும் இருக்கும். தீப்பெட்டி அளவுள்ள அந்தக் கருவி வழியெல்லாம் வெப்பநிலையைப் பதிவு செய்துகொண்டே வந்திருக்கும். பெட்டியைத் திறந்ததும் அதை நிறுத்தி, பதிவைக் கணினியில் இறக்கிப் பார்ப்போம். எல்லாம் சரியாக இருந்தால் ‘கிட்’ எனப்படும் ஒவ்வொரு மருந்துப் பொதியின் எண்ணையும் சீட்டோடு ஒப்பிட்டு, இணையத்தில் உள்ள ஆய்வு அமைப்பில் ‘வந்து சேர்ந்தது’ என்று பதிவோம். அதன் பிறகே அந்த மருந்து ஒரு நோயாளிக்கு ஒதுக்கப்படும்.

ஒதுக்குவது மனிதர் கையில் இல்லை. புதிதாக ஒருவர் சேர்ந்ததும் கணினி ஒரு கிட் எண்ணைச் சொல்லும். அந்த எண்ணை அலமாரியில் தேடி எடுத்து, இருவர் சேர்ந்து சரிபார்த்துக் கொடுப்போம். உள்ளே இருப்பது புதிய மருந்தா, அதே நிறத்திலும் அளவிலும் செய்த வெற்று மாத்திரையா என்பது எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, சாப்பிடுகிறவருக்கும் தெரியாது. தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாயும். புது மருந்து சாப்பிடுகிறவர் கொஞ்சம் தெளிவாக இருப்பதுபோல் டாக்டருக்குத் தோன்றும். வெற்று மாத்திரை என்று தெரிந்தவருக்கு வலி கூடும். லண்டனில் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வை வடிவமைத்தபோது, யாருக்கு மருந்து என்பதைத் தற்செயல் எண்களின் பட்டியலால் முடிவுசெய்து, ஒட்டிய உறைகளுக்குள் பூட்டி வைத்தார். அதன் முடிவு 1948-ல் வெளிவந்தது. ஒட்டிய உறைகளின் இடத்துக்கு இன்று கணினி வந்துவிட்டது. மனிதச் சாய்வை வெளியே நிறுத்தும் நோக்கம் அப்படியே இருக்கிறது.

சில ஆய்வுகளில் மட்டும் மருந்தாளுநருக்கு உண்மை தெரிந்தாக வேண்டும். நரம்பு வழியாக ஏற்றும் மருந்தைக் கலந்து தயாரிப்பவர் எதைக் கலக்கிறோம் என்று அறியாமல் கலக்க முடியாது. அப்படிப்பட்டவரை ‘அன்பிளைண்டட்’ மருந்தாளுநர் என்போம். அந்தப் பொறுப்பு என்னிடம் வந்த ஆய்வுகளில் எனக்குத் தனிக் கோப்பு, தனிப் பூட்டு, என் கோப்பை மட்டும் பார்க்கத் தனியாக வரும் ஆய்வுக் கண்காணிப்பாளர். அந்த மருந்து லேசான மஞ்சள் நிறம். வெறும் உப்புநீரோ தெளிவானது. இரண்டுக்கும் ஒரே மாதிரி ஒளிபுகா உறை மாட்டி, குழாய்க்கும் உறை போட்டுத்தான் வார்டுக்கு அனுப்புவேன். அது புரத மருந்து. குலுக்கினால் நுரைத்துக் கெட்டுவிடும் என்பதால் குப்பியை மெல்லச் சுழற்றிக் கலக்க வேண்டும். கலந்த நேரத்தை எழுதி, அதிலிருந்து இத்தனை மணி நேரத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டும் என்று சீட்டு ஒட்டுவேன்.

கைவேலை பழகிவிட்டது. முகத்தைப் பழக்குவதுதான் கடினமாக இருந்தது. வரிசையில் நின்ற ஓர் இளைஞர் ஒருமுறை என்னைத் தனியே கூப்பிட்டு, “சிஸ்டர், எனக்கு வர்றது நிஜ மருந்தா, சும்மா தண்ணியா? நீங்க சொன்னீங்கன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றார். எனக்குத் தெரியும். அதைச் சொல்லக் கூடாது என்பதோடு, சொல்லாததைக் கண்ணாலும் காட்டக் கூடாது. எங்களிடம் வந்த புற்றுநோய் ஆய்வுகளில் யாரும் சிகிச்சை இல்லாமல் விடப்படவில்லை. நடைமுறையில் உள்ள சிகிச்சை எல்லோருக்கும் உண்டு, அதன்மேல்தான் புது மருந்தோ வெற்று மருந்தோ சேரும். அதை அவருக்கு மறுபடி பொறுமையாக விளக்கினேன். அவசரம் என்று வந்தால் எந்த நிமிடமும் டாக்டர் ரகசியத்தைத் திறந்து பார்க்க வழியிருக்கிறது என்றும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் வரும் நாட்களில் வேறு யாரிடமும் பேசுவதைவிட அவரிடம் கூடக் கொஞ்சம் பேசினேன். எல்லா நோயாளிகளிடமும் அதே அளவு பேச வேண்டும் என்று பிறகு எனக்கே விதித்துக்கொண்டேன். என் பரிவுகூட ஒரு துப்பாகிவிடக் கூடாது.

ஆனால் இந்த வேலையின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், திரும்பி வந்த டப்பாக்களில் என்பேன்.

ஒரு மாத்திரை ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். காலையும் இரவும் ஒன்று, 28 நாட்களுக்கு 56. அடுத்த முறை வரத் தாமதமானால் தேவைப்படுமே என்று டப்பாவில் 60 இருக்கும். எல்லாவற்றையும் வேளை தவறாமல் சாப்பிட்டவர் 4 மாத்திரையோடு வர வேண்டும். கையுறை போட்டு, தட்டில் கொட்டி, கரண்டியால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுவேன். எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டபின் இன்னொருவர் எண்ணிக் கையெழுத்துப் போடுவார்.

திண்டிவனம் பக்கத்திலிருந்து விடியற்காலைப் பஸ் பிடித்து வரும் ஓர் அம்மா இருந்தார். மஞ்சள் பைக்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் கைக்குட்டையில் சுற்றிய டப்பா. ஒவ்வொரு முறையும் சரியாக 4 மாத்திரை இருக்கும். எங்கள் கோ-ஆர்டினேட்டர் அவரை மற்றவர்களுக்கு உதாரணமாகச் சொல்வார். ஒருநாள் அவரோடு வந்த மகள், அம்மா ரத்தம் கொடுக்கப் போயிருந்த நேரத்தில் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: “மேடம், அம்மா எல்லாத்தையும் சாப்பிடறதில்ல. வாயெல்லாம் புண்ணா இருக்கு, கஞ்சி கூட இறங்கல. மூணு நாள் நாலு நாள் விட்டுடறாங்க. இங்க வர்றதுக்கு முன்னாடி மிச்சத்தக் கால்வாயில கொட்டிட்டு நாலே நாலு மட்டும் எடுத்துட்டு வர்றாங்க.”

டாக்டர் அவரை உட்காரவைத்துக் கேட்டார். அந்த அம்மா அழுதுவிட்டார். “மாத்திரை மீந்துபோச்சுன்னு தெரிஞ்சா பேர எடுத்துடுவீங்கன்னு பயந்துட்டேன் சார். என் வைத்தியம் நின்னுடும்ல” என்றார்.

இந்தப் பயம் அவர் ஒருவருடையது அல்ல. ஆயுள் முழுக்க ரேஷன் கடையிலும் தாலுகா ஆபீசிலும் வரிசையில் நின்று, கணக்கு தப்பினால் பேர் போய்விடும் என்று பார்த்தே பழகியவர்களுக்கு, எண்ணுகிற கை என்றாலே தண்டிக்கிற கைதான். அவர் வாய்ப்புண் அந்த மருந்தின் பக்கவிளைவாக இருக்கக் கூடும். அதைக் கண்டுபிடிப்பதற்காகத்தான் ஆய்வே நடக்கிறது. அவர் கால்வாயில் கொட்டிய ஒவ்வொரு மாத்திரையோடும், நாளை அந்த மருந்தைச் சாப்பிடப் போகும் முகம் தெரியாத யாரோ ஒருவருக்கான எச்சரிக்கையும் போய்க்கொண்டிருந்தது.

அன்று அவருக்கு மருந்து சில நாள் நிறுத்தப்பட்டு, புண் ஆறியதும் ஆய்வின் விதிப்படி அளவு குறைத்துத் தொடரப்பட்டது. அடுத்த முறை டப்பாவில் 11 மாத்திரை கொண்டுவந்தார். என் முன்னால் வைத்து, “எண்ணிக்கங்க கண்ணு, பொய் இல்ல” என்றார். என்றைக்கு ஏன் விட்டார் என்று மகள் காலண்டர் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாளின் நகல் கோப்புக்குள் போனது. சரியாக 4 என்று எழுதிய பழைய பக்கங்களைவிட 11 என்று எழுதிய அந்தப் பக்கம் மருத்துவத்துக்குப் பயன்பட்டது.

அதன்பிறகு சாரும் நானும் கேள்வியை மாற்றினோம். “ஒழுங்கா சாப்பிட்டீங்களா?” என்று யாரிடமும் கேட்பதில்லை என்று முடிவு செய்தோம், அதற்கு ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் வராது. “நாலஞ்சு வேளை விட்டுப்போறது எல்லாருக்கும் உண்டு. உங்களுக்கு எந்த வேளை விட்டுச்சு?” என்று கேட்கத் தொடங்கினோம். மருந்தை வீட்டில் எங்கே வைக்கிறீர்கள் என்றும் கேட்டோம். ஒரு தாத்தா சாமி மாடத்தில் வைத்திருந்தார். வீட்டில் உயர்ந்த பொருளுக்கு அதுதான் இடம், பேரப்பிள்ளைகளும் தொடமாட்டார்கள். அந்தி விளக்கின் சூடு நேராக டப்பா மேல் படும் என்று சொன்னதும் ஒரு பெட்டிக்குள் மாற்றினார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் மதியம் எங்கே வைத்தாலும் சூடுதான் என்றார் இன்னொருவர். பக்கத்து வீட்டுக் குளிர்பெட்டி, மளிகைக்கடையின் உள்ளறை என்று ஒவ்வொருவருக்கும் ஓரிடம் கண்டுபிடித்தோம்.

இந்தக் கேள்விகள் சென்னைக்குப் புதியவை அல்ல என்று சார் ஒருநாள் சொன்னார். 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து இந்நகரில் காசநோய் மருந்தாய்வு மையத்தைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். காசநோயாளியை மாதக்கணக்கில் சானட்டோரியத்தில் படுக்கவைத்துத்தான் குணப்படுத்த முடியும் என்று உலகம் நம்பிய காலம். அந்த மையத்தில் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடந்த ஆய்வு, நோயாளிகளைத் தற்செயல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவினருக்கு சானட்டோரியத்தில் சத்தான உணவு, ஓய்வு, மருந்து. மற்றவர்களுக்கு நெருக்கடியான தங்கள் வீட்டில், கிடைத்த சாப்பாட்டோடு, அதே மருந்து. 1959-ல் வெளியான முடிவு உலகத்தைத் திருப்பிப் போட்டது. வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். அவர்களோடு வீட்டில் இருந்தவர்களுக்குத் தொற்று கூடுதலாகப் பரவவும் இல்லை.

அந்த ஆய்வில் சுகாதாரப் பணியாளர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் நோயாளிகளின் வீட்டுக்குப் போய் மீதி மருந்தை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். மருந்து சாப்பிடாமல் விடுவது ஏழை, படிக்காதவர் என்ற பேதமில்லாத மனித இயல்பு என்ற புரிதலிலிருந்துதான் பிறகு பணியாளர் கண்முன்னே மருந்து கொடுக்கும் முறை வளர்ந்தது. ஒருவர் வீட்டுப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிய மாத்திரைகளின் மேல்தான் பிற்காலக் காசநோய்த் திட்டங்கள் நின்றன. அதைக் கேட்டபின் என் தட்டும் கரண்டியும் எனக்கு வேறுவிதமாகத் தெரிந்தன.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தது. நகரெங்கும் மரங்கள் சாய்ந்து மின்சாரம் போனது. மருத்துவமனை ஜெனரேட்டரில் ஓடியது. இரவில் ஜெனரேட்டரை மாற்றியபோது எங்கள் ஒரு குளிர்பெட்டிக்கு மின்சாரம் வரவில்லை. பெட்டிக்குள் இருந்த பதிவுக் கருவி 8 டிகிரியைத் தாண்டியதைக் காட்டியது. சிறிது நேரம்தான்; மறுபடி இறங்கிவிட்டது. “மேடம், கொஞ்ச நேரந்தானே, புயல்ல யாரு கேக்கப் போறா?” என்று உதவிக்கு வந்த பையன் நல்லெண்ணத்தோடுதான் கேட்டான். அந்த மருந்துகள் எல்லாவற்றையும் தனித்தட்டுக்கு மாற்றி, ‘உபயோகிக்கக் கூடாது’ என்று சீட்டு ஒட்டி, பதிவை ஆய்வை நடத்தும் நிறுவனமான ஸ்பான்சருக்கு அனுப்பினோம். எத்தனை டிகிரியை எவ்வளவு நேரம் அந்த மருந்து தாங்கும் என்ற தரவு அவர்களிடம்தான் இருக்கிறது. நாமாகத் தீர்மானிக்கக் கூடாது. பதில் வரும்வரை ஒரு நோயாளியின் ஊசி தள்ளிப்போனது. காஞ்சிபுரத்திலிருந்து மரம் விழுந்த சாலையில் சுற்றி வந்தவர் அவர். காரணத்தை ஒளிக்காமல் சொன்னோம். “கெட்டுப்போனதப் போடாம விட்டீங்களே, அது போதும்” என்றார்.

இந்தத் துறை மேல் மக்களுக்குச் சந்தேகம் இருந்ததற்கு நியாயம் உண்டு. மருந்துச் சோதனைகளில் ஏழைகள் முறையான சம்மதமின்றிச் சேர்க்கப்படுகிறார்கள் என்ற வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 2013-ல் இழப்பீட்டு விதிகள் வந்தன. சம்மதம் பெறுவதை ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்றானது. ஆய்வுகள் குறைந்து, அந்த ஆண்டு எங்கள் அலமாரிகள் பாதி காலியாக இருந்தன. வேலை குறைந்ததே என்று எனக்குத் தோன்றவில்லை. கேள்வி கேட்கப்படாத ஆய்வில் எண்ணப்படும் மாத்திரைக்கு மதிப்பில்லை. 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள், ஆய்வு முடிந்தபின்னும் வேறு வழியில்லாத நோயாளிக்குப் பலன் தந்த மருந்து இலவசமாகத் தொடர்ந்து கிடைக்க இடம் செய்தன. நீண்ட நாள் குறை ஒன்று அதனால் தீர வழி பிறந்தது.

இன்னொரு குறை தீரவில்லை. ஒரு ஆய்வு முடியும்போது கண்காணிப்பாளர் வந்து ஒவ்வொரு மாத்திரைக்கும் கணக்குப் பார்ப்பார். வந்தது, போனது, திரும்பியது, அழித்தது எல்லாம் ஒத்துப்போக வேண்டும். புற்றுநோய் மருந்தின் மிச்சம் 1200 டிகிரிக்கு மேல் எரிக்கப்பட்டு, அதற்கான சான்றிதழ் கோப்பில் சேரும். கோப்பு பெட்டிக்குள் போகும். அந்த மாத்திரைகளைச் சாப்பிட்டவர்களுக்கு மட்டும் எதுவும் போகாது. மருந்து வேலை செய்ததா, இல்லையா என்பதை ஆங்கில மருத்துவ இதழைப் படிக்கிற டாக்டர்கள் அறிவார்கள். மனிதர்கள் பங்கேற்கும் மருத்துவ ஆய்வுகளுக்கு நெறி வகுக்கும், 2013-ல் திருத்தப்பட்ட ஹெல்சிங்கி பிரகடனம், ஆய்வில் பங்கேற்றவர்களுக்கு அதன் பொதுவான முடிவை அறியும் வாய்ப்பு தரப்பட வேண்டும் என்கிறது. நான் பார்த்த வரையில் அது அரிதாகவே நடந்தது.

ஒருமுறை நடந்தது. ஓர் ஆய்வின் முடிவு வெளியானதும், எங்கள் டாக்டர் எதிக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் வாங்கி, ஒரு பக்கத்தில் எளிய தமிழில் கடிதம் எழுதச் சொன்னார். கோ-ஆர்டினேட்டரும் நானும் எழுதினோம். பழைய சிகிச்சையைவிடப் புது மருந்து கூடுதல் பலன் தரவில்லை என்பதுதான் முடிவு. இறந்துபோன ஒருவரின் மகன் கடிதத்தைப் பார்த்துவிட்டு நேரில் வந்தார். ஏமாற்றத்தோடு பேசுவார் என்று எண்ணி எதிரே உட்கார்ந்தேன். கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு அவர் கேட்டது ஒன்றுதான்: “அப்போ, வேலை செய்யாத மருந்துன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே யாருக்கும் இதக் குடுத்து வீணா கஷ்டப்படுத்த மாட்டாங்கல்ல?” மாட்டார்கள் என்றேன். “அப்பாவால அது தெரிஞ்சிருக்குன்னா அம்மாகிட்ட சொல்லணும்” என்று எழுந்தார்.

தோற்ற ஆய்வு என்று நாங்கள் ஒதுக்கும் ஒன்றின் பொருளை அவர் ஒரு கேள்வியில் சொல்லிவிட்டார். அந்தப் பொருள் போய்ச் சேர வேண்டிய இடம் அவர் வீடு. ஆனால் எங்கள் படிவங்களில் அந்த வீட்டுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. மாத்திரை வந்த தேதி, கொடுத்த தேதி, திரும்பிய தேதி, அழித்த தேதி என்று நாங்கள் நிரப்பிய பதிவேட்டில், முடிவைச் சொன்ன தேதி என்று ஒரு பத்தியும் சேர வேண்டும். அது நிரம்பாமல் எந்த ஆய்வையும் முடிந்ததாக மூடக் கூடாது. ஒரு மாத்திரை குறைந்தாலும் காரணம் கேட்டு எழுதி வைத்தோம். அவர்களும் பயத்தை விட்டுக் கணக்கை ஒப்படைத்தார்கள். நம் பங்குக்கு நாம் ஒப்படைக்க வேண்டிய கணக்கு பாக்கி இருக்கிறது.